வென்றவரும் வாக்களித்தவரும்

ஊராட்சித் தேர்தலில் வெற்றி பெற்றவருக்கு அன்று மாலை மாலையும் மேளமும் உண்டு. ஆதரவாளர்கள் தெருத்தெருவாக அழைத்துச் செல்வார்கள். பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் காட்சி மாறிவிடுகிறது. வாசலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். முதலாமவர் நெசவாளர். முந்தின வாரம் பெய்த மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, தறிக்குழியில் முழங்காலளவு நிற்கிறது, மிதிகட்டை நீரில் ஊறிக் கிடக்கிறது, பாவும் நனைந்துவிட்டது. இரண்டாமவர் விவசாயி. ஏரி மதகின் பலகை உடைந்து, நாற்று நட வேண்டிய நாளில் நீர் வீணே ஓடையில் போகிறது. மூன்றாமவர் ஒரு மூதாட்டி. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்து ஓராண்டாயிற்று. பதில் ஒன்றும் வரவில்லை.

நேற்றுவரை நம்மைப்போல் ஒரு நெசவாளராகவோ விவசாயியாகவோ இருந்தவர்தாம் இப்போது அந்தத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் இம்மூன்றில் எது தம்முடைய வேலை, எது மற்றோர் அலுவலகத்தின் வேலை என்பது தெளிவாகத் தெரியாது. “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் மூவரும் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே அவருடைய ஐந்தாண்டுப் பணியின் தன்மை பாதி தீர்மானமாகிவிடுகிறது. இந்த மூவரின் குறைகளையும் ஒரு பிரதிநிதி எவ்வாறு ஏற்று நடத்த வேண்டும், அவரை அனுப்பிய நாம் எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் அங்கத்தினர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

பொதுக்குழுவும் கிராம சபையும்

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இவ்விஷயம் புதிதன்று. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில் திருவள்ளூருக்கு அருகே திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. 1935இல் கைத்தறி நெசவாளர்களின் மாகாணச் சங்கம் உருவாகி, பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் நாடறிந்தது. இச்சங்கங்களில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றே. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிர்வாகக் குழுவினர் பொதுக்குழுவின் முன் நின்று கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும். எந்த அங்கத்தினரும் எழுந்து கேள்வி கேட்கலாம்.

ஊராட்சியின் அமைப்பும் இதுவேதான். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர் ஆவார். சங்கத்திற்குப் பொதுக்குழு எப்படியோ, ஊராட்சிக்குக் கிராம சபை அப்படி. ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஏற்பது, தணிக்கை அறிக்கையை ஆராய்வது, நடைபெறும் வேலைகளைப் பரிசீலிப்பது ஆகியவை அச்சபைக்கு உரியவை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடுவது நெடுநாள் வழக்கம். 2022ஆம் ஆண்டில் இவற்றோடு உலக நீர் நாளான மார்ச் 22ஆம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஆம் சேர்க்கப்பட்டன. கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பும் உண்டு. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். இது பெரிய எண்ணிக்கையன்று. எனினும் பல ஊர்களில் இதையும் நிரப்ப வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் அவலம் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வந்து உட்காராமல் கையெழுத்து மட்டும் இடுகிறவர், தம் பெயரால் பிறர் எடுக்கும் தீர்மானத்திற்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்தவராகிறார்.

எந்தக் கதவைத் தட்டுவது?

புதிதாகப் பதவி ஏற்றவர் முதல் மாதத்தில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எந்தக் குறை எந்த அலுவலகத்திற்கு உரியது என்பதே அது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊராட்சிச் சாலை, துப்புரவு, சுடுகாடு, இடுகாடு ஆகியவை கிராம ஊராட்சியின் சொந்தப் பொறுப்பு. ஆகவே நெசவாளர் தெருவில் நீர் தேங்கினால் தலைவரும் அந்த வார்டு உறுப்பினரும் வேறு யாரையும் சுட்டிக்காட்ட இயலாது.

ஏரியின் கதை வேறு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் உள்ளவை. அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. மதகுப் பலகை உடைந்ததென்று வந்த விவசாயியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த ஏரி என்பதாகும். மூதாட்டியின் மனு வருவாய்த்துறையில், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். நெசவாளர் சங்கத்தின் நூல், கடன், கூலி பற்றிய குறை கைத்தறித்துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திற்குப் போக வேண்டியது. இவற்றில் ஊராட்சித் தலைவர் உத்தரவிட முடியாது. ஆனால் மனுவின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டு, தாமே போய்க் கேட்டு, பதிலை வாங்கி வந்து சொல்ல முடியும். பிரதிநிதி என்ற சொல்லின் பொருள் அதுவன்றோ? நூறு மைல் தூரத்தில் உள்ள கட்டிடமும், நாலு மைல் தூரத்தில் உள்ள கட்டிடமும், எழுதப் படிக்கத் தயங்கும் ஒரு மூதாட்டிக்கு ஒரே தூரந்தான். அந்தத் தூரத்தை அவருக்காக நடப்பதே பிரதிநிதியின் வேலை.

எனவே புதிய தலைவரோ உறுப்பினரோ ஒரு சாதாரணக் கோடு போட்ட குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது யோசனை. வந்தவர் பெயர், குறை, நாள், அனுப்பிய அலுவலகம், கிடைத்த பதில் என்று ஐந்து பத்திகள் போதும். “முடியாது” என்ற பதிலானாலும் காரணத்தோடு எழுதிச் சொல்லிவிட வேண்டும். முடியாது என்பதைக் கேட்டு மக்கள் அவ்வளவாக வருந்துவதில்லை. ஒன்றும் சொல்லாமல் அலைக்கழிப்பதே அவர்களைக் கசப்புறச் செய்கிறது.

ஓடந்துறை காட்டிய வழி

இனி நடந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையடிவாரத்தில் உள்ளது ஓடந்துறை ஊராட்சி. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆர். சண்முகம் என்பவர் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2001இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடிநீர்ப் பற்றாக்குறையும் வீடில்லாமையும் அப்போது அவ்வூரின் பெரிய குறைகளாக இருந்தன. குடிநீர்த் திட்டம் அமைந்தது, தெருவிளக்குகள் பெருகின. ஊர் மகிழ்ந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. நீரேற்றும் மோட்டார்களும் விளக்குகளும் பெருகப் பெருக, மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்னத் தொடங்கியது.

இவ்விடத்தில் வழக்கமான தலைவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கட்டணத்தைப் பாக்கி வைப்பார்கள். அல்லது நீர் விடும் நேரத்தைக் குறைப்பார்கள். ஓடந்துறையார் செலவின் வேரைத் தேடிப் போனார்கள். 2003ஆம் ஆண்டில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி, அதனால் 9 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் சிறு இயந்திரத்தை நிறுவி, குடிநீர் இறைக்க அதைப் பயன்படுத்தினார்கள். சிறிய அளவில் அது பலன் தந்தபின், பெரியதொன்றில் இறங்கினார்கள். 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சியின் சொந்தச் சொத்தாக அமைப்பதென்று முடிவாயிற்று.

காற்றாலையை ஓடந்துறையிலேயே நிறுவவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பலமாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் அதை நிறுத்தினார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேரும். ஓடந்துறையின் கட்டணத்தில் அது கழியும். செலவு 1 கோடியே 55 லட்ச ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சி தன் வருவாயிலிருந்து மிச்சம் பிடித்தது; மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். 2006ஆம் ஆண்டில் காற்றாலை சுழலத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் தேவை சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் யூனிட். மிஞ்சிய 2 லட்சத்து 25 ஆயிரம் யூனிட்டை மின்வாரியத்திற்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு கடனை அடைத்தார்கள்.

இந்தக் கணக்கில் கூட்டுறவாளர் கண்ணுக்கு முதலில் படுவது காற்றாலையன்று. அந்த 40 லட்ச ரூபாய்தான். வரி ஒழுங்காக வசூலாகாத ஊராட்சியில் அத்தொகை சேர்ந்திராது. மக்கள் வரி கட்டியதற்குக் காரணம், குழாயில் நீர் வந்ததைக் கண்ணால் கண்டதே. நீர் வந்தது வரி கொடுத்ததனால். வரி கொடுத்தது நீர் வந்ததனால். நம் சங்கத்தில் சிக்கன சேமிப்பு எப்படி வளர்கிறதோ, அப்படியே நம்பிக்கையும் சிறுகச் சிறுகச் சேர்ந்து முதலாகிறது. வங்கியும் அந்த முதலைப் பார்த்தே கடன் கொடுத்தது. 2006ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் அத்தலைவரின் மனைவியார் லிங்கம்மாள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காற்றாலையைப் பார்த்துவரப் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

எல்லா ஊராட்சியும் காற்றாலை நிறுவ வேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஒவ்வோர் ஊரிலும் வருவாயைத் தின்னும் ஓர் ஓட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்து, முதலில் சிறிதாகச் செய்து பார்த்து, பிறகு பெரிதாகச் செய்வதே அவ்வூர் நமக்குத் தரும் பாடம்.

நாற்காலிக்கு உயிரை விலை கொடுத்தவர்

ஓடந்துறையார் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 1996ஆம் ஆண்டில் வேறொரு வரலாறும் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பொறாதவர்கள் மிரட்டினர், மனுத்தாக்கல் செய்தவர்கள் விலகினர், தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப்பதிவில் கலகம் நேர்ந்தது. இறுதியில் முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆறே மாதத்தில், 1997ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், மதுரை ஆட்சியர் அலுவலகத்திற்குச் சென்று திரும்புகையில், பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றனர். அறுவர் மாண்டனர். 2001ஆம் ஆண்டில் சேலம் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அன்று அவர் ஆட்சியர் அலுவலகம் சென்றது தம் மக்களின் குறையை எடுத்துச் சொல்லவே. மேலே நாம் சொன்ன அந்த நடைதான் அது. தமக்கு வாக்களித்தவர்களுக்காக அலுவலகக் கதவைத் தட்டப் போனவர் வீடு திரும்பவில்லை.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஊராட்சித் தலைவர் பதவி முறையாக நிரம்பவில்லை. மனுக் கொடுக்க ஆள் வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரும் உடனே பதவி விலகச் செய்யப்பட்டார். 2006ஆம் ஆண்டில்தான், மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக அமர்ந்து பேசியதன் பயனாக, அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் மாநில முதலமைச்சரே கலந்துகொண்டார்.

பதவியை அலங்காரமாக எண்ணுவோர் இவ்வரலாற்றை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊராட்சித் தலைவரின் நாற்காலி பெரியதன்று. சம்பளமும் அதிகாரமும் சொற்பமே. ஆயினும் அதில் யார் அமர்கிறார் என்பது ஊரில் யாருடைய குரல் கேட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டதும் இக்காரணத்தாலேயே. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் நாற்காலியில் கணவரோ மைத்துனரோ அமர்ந்து கையெழுத்தை மட்டும் அவரிடம் வாங்குவது எங்கேனும் நடந்தால், அது அந்தப் பெண்ணுக்கு மட்டும் செய்த அவமதிப்பன்று. அவருக்கு வாக்களித்த ஒவ்வொருவரின் வாக்கும் அங்கே பறிபோகிறது.

தெருவின் நீரும் வயலின் நீரும்

மீண்டும் நம் முதல் நெசவாளரின் தறிக்குழிக்கு வருவோம். தெருவுக்குச் சாக்கடை வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றியப் பொறியாளர் வந்து மட்டம் பார்க்கிறார், மதிப்பீடு தயாராகிறது. அப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. இந்த நீர் எங்கே போய் விழும்? தெருவின் தாழ்ந்த பக்கத்தில் விவசாயிகளின் வாய்க்கால் இருக்கிறது. மழைநீர் மட்டும் வந்தால் அவர்களுக்கு ஆட்சேபம் இராது. ஆனால் அதே சாக்கடையில் நூலைச் சாயத்தில் தோய்த்து அலசிய நீரும் கலந்தால் பயிர் என்னாகும்?

இக்கேள்வி கற்பனையன்று. நொய்யலாற்றங்கரையில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அதன் நீர் பயிருக்கும் கால்நடைக்கும் உதவாமற் போயிற்று. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தார்; பட்டறைத் தொழிலாளி வேலையை இழந்தார். வழக்கு முற்றும் முன்பே இரு தரப்பாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசியிருந்தால் அந்த இரட்டை இழப்பில் ஒரு பங்கேனும் குறைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் இதழை நெசவாளரும் படிக்கிறார், விவசாயியும் படிக்கிறார். ஒரே ஊராட்சியில் இருவரும் வாக்களிக்கிறார்கள். தலைவர் நெசவாளர் தெருவின் வாக்கால் வென்றவராக இருக்கலாம். ஆனால் வென்ற நாள் முதல் அவர் வயற்காட்டுக்கும் தலைவர். தமக்கு எதிராக வாக்களித்த வீட்டுக்கும் தலைவர். சாக்கடையின் ஒரு நுனியில் தம் வாக்காளரும், மறு நுனியில் எதிராளியின் வாக்காளரும் இருக்கும்போதுதான் அவருடைய நேர்மை சோதனைக்கு வருகிறது. மழைநீருக்கு ஒரு வழி, சாய நீருக்குத் தனித் தொட்டி என்று பிரித்து, செலவில் ஒரு பகுதியைச் சாயத்தொழில் செய்வோர் ஏற்பதென்று இரு தரப்பாரும் சபையில் ஒப்புக்கொண்டால், தறிக்குழியும் காயும், வாய்க்காலும் கெடாது. அவ்வாறு பேசி முடிப்பதற்கு ஒரு மாதம் கூடுதலாகலாம். அந்த ஒரு மாதம் வீண் போனதாகாது.

இவ்வகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாவு நீட்டிக் கஞ்சி போடும் பாவடி நிலமும், கதிரடித்துத் தானியம் உலர்த்தும் களமும் பல ஊர்களில் பொது நிலங்களே. ஆளுக்கொரு முழமாக ஆக்கிரமிப்பு நேர்ந்து, ஒரு நாள் அவை மறைந்துவிடுகின்றன. புதிய பிரதிநிதி தம் முதல் ஆண்டிலேயே ஊரின் பொது நிலங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அளந்து, கல் நட்டுவிட்டால், பின்வரும் பல தலைமுறைக்கு அவர் பெயர் நிற்கும்.

கணக்கு காட்டுதல்

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விளக்கப்பட்டுள்ளது. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடையோரே அன்று போட்டியிடலாம். பெண்ணுக்கும் ஏழைக்கும் அங்கே இடமில்லை. எனவே அதை இன்றைய ஜனநாயகத்தோடு சமமாக வைத்துப் பாராட்டுவது பொருந்தாது. ஆயினும் அதில் கண்ட ஒரு விதி இன்றும் போற்றத்தக்கது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்தத் தடை உண்டு.

இன்றைய சட்டத்திலும் காவல்கள் உள்ளன. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரின் ஒப்பம் மட்டும் போதாமல் துணைத்தலைவரின் ஒப்பமும் வேண்டும் என்று வைத்தது அத்தகைய ஒரு காவல். வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்பே பணம் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆனால் காவலன் தூங்கினால் காவல் என்ன செய்யும்? சிமெண்டுச் சாக்கடையின் ஆழம் மதிப்பீட்டில் எவ்வளவு, தெருவில் எவ்வளவு என்பதை ஒரு முழக்கோல் கொண்டு எந்த நெசவாளரும் அளந்துவிடலாம். துணியின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலம் பிசகாமல் சங்கத்தில் அளந்து கொடுக்கும் நமக்கு இது பெரிய வித்தையன்று. சபையில் எழுந்து, கோபமில்லாமல், “மதிப்பீட்டில் கண்ட ஆழம் இவ்வளவு, தெருவில் உள்ள ஆழம் இவ்வளவு” என்று கேட்டால், நேர்மையான தலைவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். ஒப்பந்தக்காரரோடு வாதாட அவருக்கு அதுவே பலமாகவும் இருக்கும்.

வாசலில் நிற்க ஒருவர்

ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2016ஆம் ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தபின் உரிய நாளில் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்தினர். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளிலும், 2021 அக்டோபரில் மீதமிருந்த ஒன்பது மாவட்டங்களிலும் தேர்தல் நடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் ஐந்தாண்டும் 2025ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாளோடு முடிவுற்றது.

தனி அலுவலர்கள் தம் கடமையைச் செய்யாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒருவருக்குப் பல ஊராட்சிகள். அதற்கு மேல் தம் சொந்த அலுவலகப் பணி. மழை பெய்த மறுநாள் காலை, நனைந்த பாவோடு நெசவாளர் போய் நிற்பதற்கு ஊருக்குள் ஒரு வாசல் இல்லாமற் போனதே அக்காலத்தின் பெருங்குறை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவ்வளவு சாதாரணமானவராயினும், அவர் வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. அவர் வீட்டுக் குழாயிலும் நீர் வராது. அவர் தெருவிலும் விளக்கு எரியாது. மறுபடி வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு அவர் வந்தாக வேண்டும். உள்ளாட்சியின் உயிர் இந்த அண்மையிலேதான் இருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இது. ஊராட்சித் தேர்தல் வரும்போது, கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சாதியையும் கைக்குக் கிடைக்கும் பணத்தையும் விட்டு, நம் சங்கத்தில் எவரை நம்பிப் பணப்பெட்டிச் சாவியைக் கொடுப்போமோ அவருக்கே வாக்களியுங்கள். சங்கத்தில் நிர்வாகம் பழகிய பெண்களும் ஆண்களும் ஊராட்சிக்கு நிற்கத் தயங்க வேண்டாம். வரவு செலவு படிக்கவும், தீர்மானம் எழுதவும், கூட்டத்தில் பொறுமையாகக் கேட்கவும் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். வென்றவர் நமக்கு எதிரணியினர் ஆனாலும் முதல் கிராம சபைக்குப் போய் முன்வரிசையில் அமருங்கள். நம் தெருவின் குறையை நாலு வரியில் எழுதி, நாளிட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் தவணைக்கு முன்பே கட்டி ரசீது பெறுங்கள். வரி கட்டிய கைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இரட்டிப்பாகிறது.

முதல் நாள் காலையில் வாசலில் நின்ற மூவரையும் நினைவிருக்கும். ஆண்டு முடிவில் சாக்கடை வேலை தொடங்கியிருக்கலாம்; மதகுக்குப் புதுப் பலகை வந்திருக்கலாம்; மூதாட்டியின் மனு இன்னும் நிலுவையிலேயே இருக்கலாம். மூன்றும் முடிந்துவிட்டதா என்பதைக் கொண்டு மட்டும் தலைவரை எடைபோட வேண்டியதில்லை. மூதாட்டி மறுபடியும் அந்த வாசலுக்கு வரும்போது, குறிப்பேட்டைத் திறந்து, அவர் பெயரைக் கண்டுபிடித்து, தாம் எந்தெந்த நாளில் எந்த அலுவலகத்திற்குப் போனார் என்பதை அந்தத் தலைவரால் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம். சொல்ல முடியுமாயின் நம் வாக்கு வீண் போகவில்லை.